கம்பியில்லாத் துளைப்பான் உந்து சிற்றூர்தி

நீர்வழங்கல் ஆணையத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. ஆணையத்தின் பின்மதில்தான் அந்தத் தெருவுக்கு ஒரு பக்கச் சுவர். கோடை தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை. தெருக்காரர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று தொலைபேசியில் குறை சொல்வார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் குறைகேட்புப் பிரிவில் உட்கார்ந்து லைனம்மா கேட்டுக்கொள்வாள். ஜன்னலைத் திறந்தால் தொலைபேசியே வேண்டாம், குரல் நேராகவே கேட்கும். ஆனால் நேராக வரும் குரலுக்குப் புகார் எண் கொடுக்க விதியில் இடமில்லை. அதனால் ஜன்னல் மூடியிருந்தது.

லைனம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். ‘லைன்ல இருங்க’ என்று நாள் முழுக்கச் சொல்வதால் வந்தது. லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, ஓர் எண்ணைக் கொடுத்து, “பதிவு பண்ணிக்கிட்டோம்ங்க, வரிசைப்படி ஆள் வருவாங்க” என்பாள். வேலை அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையில் இறங்காது. கைக்குழந்தையைக் கழுவத் தண்ணீர் இல்லை என்று யாரோ ஒருத்தி அழுதது காதிலேயே நிற்கும். பிறகு அது குறைந்தது. பிறகு நின்றே போனது. கூடவே மற்றதும் நின்றுவிட்டது. ஒருநாள் அவள் கணவர் விரலை வெட்டிக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட அடுப்படிக்கு வந்தபோது, “சரி, பார்க்கச் சொல்றேன்” என்றாள்.

“யாரை?” என்று அவர் கேட்டார்.

அவள் பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

காலையில் முதல் அழைப்பு பின்தெருச் சவரக்கடைக்காரருடையது. கோபப்பட மாட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் லைனம்மாவுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

“வணக்கம்மா. கடை திறந்துட்டேன். தண்ணி வரலை.”

“பதிவு பண்ணிக்கிட்டோம்ங்க.”

“நல்லதும்மா. நேத்தும் பண்ணிக்கிட்டீங்க. நம்ம கடையில இப்போ காய்ஞ்ச சவரம்தான். சிரிச்ச முகமா வர்றவன் சிவந்த முகமா போறான். வெச்சிடட்டுமா?”

“லைன்ல இருங்க, நம்பர் தர்றேன்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆணையத்தின் தலைவர் வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பினார். கடல்நீரைக் குடிநீராக்குவது எப்படி என்று பார்த்துவர அவரை அனுப்பியிருந்தார்கள். போன இடத்தில் விடுதி ஜன்னலிலிருந்து அவர் வேறொன்றைப் பார்த்தார். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் சில வாலிபர்கள் பலகையில் சக்கரம் பூட்டி, சுவரில் ஓட்டை போடும் பேட்டரி டிரில்லைக் கொண்டு அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிரில் சுற்ற, செயின் சுற்ற, சக்கரம் சுற்ற, மேலே ஒருவன் உட்கார்ந்து போனான். தலைவர் மீதிப் பயண நாட்களை அந்த ஜன்னலிலேயே கழித்தார். கடல்நீர் அப்படியே இருந்தது.

திரும்பி வந்ததும் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார்.

“நண்பர்களே, நம்ம ஆணையத்துல எது ஓடலை? யோசிச்சுப் பாருங்க. தண்ணி ஓடலைன்னு வெளியில சொல்றாங்க. அது சின்ன விஷயம். நாம ஓடலை! நாம ஓட ஆரம்பிச்சா தண்ணி தானா ஓடும். தண்ணியும் ஒரு ஊழியர் மாதிரிதான். மேல இருக்கறவங்களைப் பார்த்துத்தான் கீழ வரும்.”

பலத்த கைதட்டல். வரும் வாரம் ‘இயக்க வாரம்’ என்று அறிவித்தார். ஒவ்வொரு பிரிவும் பேட்டரி டிரில்லால் ஓடும் சிறு வண்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். பிரிவைச் சேர்ந்த ஒருவர் அதில் உட்கார்ந்து, முன்வாசல் வழியாக வெளியே போய், பின்தெருவைச் சுற்றி, பக்கவாசல் வழியாக உள்ளே வர வேண்டும். கடைசியாக வரும் பிரிவு இன்னொரு பிரிவோடு இணைக்கப்படும்.

இணைப்பது என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். போன வருடம் மீட்டர் பிரிவைக் கிடங்கோடு இணைத்தார்கள். மீட்டர் பிரிவு ஆட்கள் இன்னும் தங்கள் நாற்காலிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்புகளில் ‘டிரில் வண்டி’ என்று எழுதுவது ஆணையத்தின் கௌரவத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்லாக்கக் குழு அவசரமாகக் கூடியது. ‘கம்பியில்லாத் துளைப்பான் உந்து சிற்றூர்தி’ என்று முடிவானது. பெயரில் ‘கம்பி’ வர வேண்டுமா ‘வடம்’ வர வேண்டுமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து, இன்றுவரை ஒரே மேசையில் காப்பி குடிப்பதில்லை. மற்றவர்கள் டிரில் வண்டி என்றே சொன்னார்கள், கதவைச் சாத்திக்கொண்டு.

குறைகேட்புப் பிரிவில் இரண்டே பேர். லைனம்மா ஒருத்தி, மேற்பார்வையாளர் ஒருவர். அவர் ஓய்வு பெறும் தருவாயில் இருந்தார். மேசை இழுப்பறையை ஏற்கெனவே காலி செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

“நம்மளை எவன்கூட இணைப்பான்? குறை எல்லாப் பிரிவுலயும்தான் இருக்கு, அதுக்குத் தனியா ஒரு பிரிவு எதுக்குன்னு மொத்தமா மூடிடுவான்” என்றார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “ஆமா, உங்க வீட்டுக்காரர் திரைக்கம்பி மாட்டறவர்தானே? டிரில் இருக்குமே?”

“இருக்குங்க சார்.”

“அப்புறம் என்ன! வண்டியை நீங்களே ஓட்டுங்க. நான் ஏறினா வண்டியும் போகாது, வயசான காலத்துல இடுப்பும் போயிடும்.”

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சுற்றி வளைக்கவில்லை.

“ஆபீசுக்கு உங்க டிரில் வேணுமாம்.”

“எதை மாட்டணும்? திரையா, அலமாரியா?”

“நான்தான் மாட்டிக்கிட்டேன்.”

கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். விவரத்தைக் கேட்டுவிட்டு டிரில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சள் நிறம், பிடியில் ரப்பர் தேய்ந்து அவர் உள்ளங்கையின் அச்சு விழுந்திருந்தது.

“இங்க பாரு, இது எரிஞ்சுதுன்னா நம்ம அடுப்பு எரியாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கேக்கற?”

“இல்லைன்னா பிரிவை மூடிடுவாங்களாம்.”

“மூடினா உனக்குக் கஷ்டமா இருக்குமா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கஷ்டமாக இருக்குமா என்று உள்ளே போய்த் தேடினாள். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. “தெரியலையே” என்றாள். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவர் வண்டி செய்யச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். சுவரில் ஆணி இறங்கவில்லை என்றால் உள்ளே கம்பி இருக்கிறது என்று அர்த்தம்; ஆணி ஒரே தட்டில் முழுசாக இறங்கிவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். இரண்டாவதுக்குத்தான் அவர் பயப்படுவார்.

விடுமுறை நாள் காலையில் வீட்டு வாசலில் வேலை நடந்தது. அலமாரிக் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டார். யாரோ தூக்கிப்போட்ட குழந்தைகள் சைக்கிள்களிலிருந்து நாலு சக்கரம். பின்பக்க அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம், டிரில்லின் வாயில் ஒரு சின்னப் பல்சக்கரம், இடையில் செயின். டிரில்லைப் பலகையில் படுக்கவைத்து, அதன் விசையைச் சைக்கிள் பிரேக் வயரால் கட்டி, பிரேக் பிடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். மற்ற வண்டிகளில் பிடித்தால் நிற்கும். இதில் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்.

முதல் ஓட்டத்தில் வண்டி பின்னால் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் திறந்து, “வாங்க” என்றார். அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

“ரிவர்ஸ் பொத்தான் அமுங்கியிருக்கு, அவ்வளவுதான்” என்று கணவர் சரிசெய்தார். “கேட்டுக்கோ. ஒரேயடியா பிடிச்சுக்கிட்டே இருக்காதே, சூடாயிடும். விட்டு விட்டுப் பிடி. காந்தற வாசனை வந்தா இறங்கிடு. பந்தயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

“பதிவு பண்ணிக்கிட்டேன்” என்றாள்.

இயக்க வாரத்தின் முதல் நாள் ஊக்கப் பயிற்சி. அதற்கென்று ஓர் ஊக்குநரை வரவழைத்திருந்தார்கள். மணி அடித்தால் மனம் குலையும் என்று அலுவலகத் தொலைபேசிகள் எல்லாவற்றின் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு கூடத்தில் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

“நீங்க இப்போ மனுஷங்க இல்லை. நீங்க ஒரு டிரில். உங்களுக்கு முன்னால ஒரு சுவர். சத்தம் போடுங்க!”

நீர்வழங்கல் ஆணையம் ஒரே குரலில் ‘உர்ர்ர்’ என்றது. பொறியாளர்கள் கொஞ்சம் கனமாகவும், கணக்குப் பிரிவு கொஞ்சம் மெல்லியதாகவும். மேற்பார்வையாளரின் உர்ர் சிறிது நேரத்தில் குறட்டையாக மாறியது. ஊக்குநர் அதை ஆழ்ந்த ஈடுபாடு என்று பாராட்டினார்.

“இப்போ சொல்லுங்க, உங்க முன்னால இருக்கற சுவர் எது?”

கணக்குப் பிரிவில் ஒருவர், “சம்பள உயர்வு சார்” என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

“நீங்க சொல்லுங்க அம்மா!”

லைனம்மா கண்ணைத் திறக்காமலே, “பின்மதில் சார்” என்றாள். அவளுக்குத் தெரிந்த சுவர் அதுதான். ஊக்குநர் அதில் ஓர் ஆழமான பொருளைக் கண்டு, அன்று முழுக்க மேற்கோள் காட்டினார்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி விதிகளை வாசித்தார். ஊர்தி, மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதைச் சரிபார்க்க அவர் பின்னாலேயே நடந்து வருவார். ஓட்டுநர் தலைக்கவசம் அணிய வேண்டும், ஏனென்றால் அது ஊர்தி. கண்ணாடியும் அணிய வேண்டும், ஏனென்றால் அது கருவி. வழியில் யாரும் ஊர்தியைத் தள்ளக் கூடாது. போட்டியாளர் பொதுமக்களோடு பேசக் கூடாது.

“அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்” என்று குரலைத் தாழ்த்தினார். “துளைப்பான்னா துளைக்கணும். துளைக்காம சும்மா சுத்தினா அது கருவியை முறைகேடா பயன்படுத்தறது. நாளைக்குத் தணிக்கையில கேள்வி வரும். அதனால பந்தயத்துக்கு முன்னால தலைவர் கையால ஒரு துளை. அது எல்லா ஊர்திக்கும் சேர்த்து.”

இப்படித்தான் அந்தத் துளை வந்தது.

பந்தய நாளன்று முன்வாசலில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் கட்டடத்தின் சுவர். சுவரில் பூ வரைந்த பலகை. தலைவர் துளையிட ஒரு டிரில் வேண்டியிருந்தது. மற்ற பிரிவுகளின் டிரில்கள் வண்டிக்குள் இறுகப் பூட்டப்பட்டிருந்தன. லைனம்மாவின் கணவரான திரைக்கம்பிக்காரர் மட்டும் கூட்டத்தில் நின்று தன்னுடையதைக் கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டார்கள்.

“பின்னால என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் போடச் சொல்லுங்க” என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் மறைந்துவிட்டது.

தலைவர் பலகையில் டிரில்லை ஊன்றி அழுத்தினார். பலகை போயிற்று, பூச்சு போயிற்று, பிறகு எதுவோ மெதுவாக இடம் கொடுத்தது. டிரில்லை வெளியே இழுத்ததும் விரல் பருமனில் தண்ணீர் பாய்ந்து அவர் மார்பில் அடித்தது. அவர் அசையவில்லை. கூட்டம் இதுவும் ஏற்பாட்டில் சேர்ந்தது என்று எண்ணிக் கைதட்டியது. தலைவரும் அப்படியே எண்ணியிருக்க வேண்டும், ஈரத்தோடு கையசைத்தார்.

குழாய்ப் பிரிவு உடனே வரைபடத்தை விரித்துப் பார்த்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் குழாய் கிடையாது. ஆகவே வருவது தங்கள் தண்ணீர் அல்ல என்று தெரிவித்தது. வால்வை மூடலாம் என்றால் அதன் சாவி பம்புப் பிரிவுத் தலைவரிடம் இருந்தது; அவர் தலைக்கவசத்தோடு வண்டியில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார், இறங்கினால் போட்டியிலிருந்து விலகியதாகிவிடும். எப்படியும் புகார் எண் இல்லாமல் கசிவில் கை வைக்க முடியாது. மேடையிலிருந்து நிர்வாக அதிகாரி குறைகேட்புப் பிரிவுக்குத் தொலைபேசி செய்தார். திரும்பத் திரும்பச் செய்தார்.

“எங்கேஜ்டாவே இருக்கே! எப்பவும் இப்படித்தானா?” என்று முதல்முறையாகக் கேட்டார்.

ஊக்குநர் எடுத்து வைக்கச் சொன்ன ரிசீவரை யாரும் திருப்பி வைக்கச் சொல்லவில்லை.

திரைக்கம்பிக்காரர் டிரில்லைத் திரும்ப வாங்கி, ஈரம் துடைத்து வண்டியில் பூட்டினார். தண்ணீர் பாயப் பாயத் தலைவர் கொடியை அசைத்தார். பம்புப் பிரிவு தன் வண்டியில் பல டிரில்களைப் பூட்டியிருந்தது. பாதி முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் சுற்றியதால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழன்று, பிரிவுத் தலைவரை வாந்தியோடு இறக்கியது. வால்வுச் சாவி எங்கோ தெறித்து விழுந்தது. கணக்குப் பிரிவின் வண்டிக்குப் பேட்டரி வாங்க ஒப்புதல் வரவில்லை. நிர்வாகப் பிரிவின் வண்டி மிக அழகாக இருந்தது, ஒப்பந்ததாரர் செய்தது. அதில் டிரில் சத்தத்துக்கு மட்டும்தான், பின்னால் சீருடை இல்லாத இரண்டு உதவியாளர்கள் தற்செயலாக நடப்பவர்கள்போல் தள்ளினார்கள். வாசலைத் தாண்டியதும் தேநீர் நேரம் வந்துவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள், வண்டி நின்றுவிட்டது. குழாய்ப் பிரிவு வண்டி வரைபடத்தைப் பார்த்து ஓடியதால் சுவரில் மோதியது.

லைனம்மா விட்டு விட்டுப் பிடித்தாள். வண்டி விட்டு விட்டு நகர்ந்தது. யாரையும் முந்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாசலைத் தாண்டினாள், இடப்பக்கம் திரும்பினாள், மதிலோரமாகவே போய்ப் பின்தெருவில் நுழைந்தாள். பின்னால் பாதுகாப்பு அதிகாரி காலணி சத்தத்தோடு நடந்து வந்தார்.

கோடை தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் ஆணையத்தின் கால் பட்டதில்லை. வண்டியின் முன்னால் ஆணையத்தின் சின்னம் ஒட்டியிருந்தது. ஒரு ஜன்னல் திறந்தது, ஒரு கதவு திறந்தது, அப்புறம் எல்லாம் திறந்தன. “வந்துட்டாங்கடா, ஆள் வந்துட்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள். மனிதன் நடக்கும் வேகத்தில்தானே வண்டி போகிறது, தெரு முழுவதும் கூடவே நடந்தது.

“கொஞ்சம் ஓரமா போங்க” என்றாள் லைனம்மா.

சவரக்கடை வாசலில் கத்தியோடு நின்ற ஒருவர் சட்டென்று தலையைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கன்னம் மட்டும் மழித்த வாடிக்கையாளர் துண்டோடு எட்டிப் பார்த்தார்.

“அம்மா, ‘லைன்ல இருங்க’ன்னு ஒரு தடவை சொல்லுங்க?”

அவள் சொன்னாள். பழக்கம்.

“அட, நீங்கதானா! இந்தக் குரலுக்கு நான் வேற முகம் நினைச்சு வெச்சிருந்தேன். கொஞ்சம் குண்டா.” அவர் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். பாதிச் சவர வாடிக்கையாளரும் வேறு வழியில்லாமல் நடந்தார். “இந்த வாரம்தான் லைன் கிடைக்கலை, மத்தபடி நாள் தவறாம நம்பர் தர்றீங்க. எல்லாம் மனப்பாடமா இருக்கு. ஒண்ணு கேக்கலாமா? சண்டைக்கு இல்லை. அந்த நம்பரெல்லாம் எங்கம்மா போகுது?”

“போட்டியாளர் பொதுமக்களோட பேசக் கூடாது” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

லைனம்மா பிடியை அழுத்தினாள். வேகமாகக் கடந்துவிடலாம் என்றுதான். விட மறந்துவிட்டாள். காந்தும் வாசனை வந்தது. அவள் அதை உணர்வதற்குள் டிரில் ஒருமுறை முனகி, சின்னதாகப் புகைந்து, நின்றது.

தெருவும் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு மூடிய ஜன்னல் தெரிந்தது. அது தன்னுடைய ஜன்னல் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது. வெளியிலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த காலை நீட்டும்போது முள் முள்ளாகக் குத்துமே, அந்த மாதிரி எங்கோ ஏதோ லேசாகக் குத்தியது. வலி என்று சொல்ல முடியாது.

“தெரியாதுங்க” என்றாள். “எங்க போகுதுன்னு எனக்கும் தெரியாது. நான் நம்பர் தர்றதோட சரி.”

சவரக்கடைக்காரர் தலையாட்டினார். “அதைத்தான் நானும் நினைச்சேன்.”

“முன்வாசல்ல குழாய் உடைஞ்சிருக்குங்க. தண்ணி கொட்டுது. ஏனம் எடுத்துட்டு வாங்க.”

“உடைஞ்சிருக்கா? யார் உடைச்சாங்க?”

“தலைவர்.”

தெரு ஒரு கணம் அதை மென்று பார்த்தது. பிறகு ஓடியது. வாளி, குடம், பிளாஸ்டிக் கேன், ஒரு வீட்டிலிருந்து குழந்தை குளிக்கும் தொட்டி. எடுத்து வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். சவரக்கடைக்காரர் வண்டியின் பின்னால் கை வைத்தார்.

“தள்ளக் கூடாது!” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“தூக்கலாமா சார்?”

பாதுகாப்பு அதிகாரி விதிகளை மனதுக்குள் புரட்டினார். தூக்குவதைப் பற்றி ஏதும் இல்லை. நேர்மையான மனிதர், இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

நாலு பேர் வண்டியை அவளோடு சேர்த்துத் தோளில் ஏற்றினார்கள். தலைக்கவசமும் கண்ணாடியுமாக அவள் மேலே நேராக உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றுமில்லாமல். முன்னும் பின்னும் வாளிகள் இடித்து ஓசை எழுப்பின. எதிரே வந்த ஒருவர் இது எந்த மாதிரி ஊர்வலம் என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பக்கவாசல் வழியாக அவர்கள் உள்ளே வந்தபோது தலைவர் மேடையில் நீரோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மக்கள் தன் ஊழியரைத் தோளில் சுமந்து வருவதைக் கண்டு அவர் குரல் தழுதழுத்தது.

“பாருங்க நண்பர்களே! இத்தனை வருஷமா நாம மக்கள்கிட்ட போகலை, போகலைன்னாங்க. இன்னைக்கு மக்களே நம்மைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. இனிமே நாம எதுக்குப் போகணும்?”

மக்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. லைனம்மாவை இறக்கிவிட்டு வரிசையாகத் துளைக்கு நேரே வாளி பிடித்தார்கள். திரைக்கம்பிக்காரர் வண்டியருகில் போய்க் குனிந்து டிரில்லை முகர்ந்து பார்த்தார். பிறகு சட்டை முனையால் தலைக்கவசத்துக்கடியில் வழிந்த வியர்வையை அவர் துடைத்தபோது அவள் முகத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

மக்கள் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆணையம் சுறுசுறுப்பானது. வால்வுச் சாவியைத் தேட எல்லாப் பிரிவுகளும் தரையில் தவழ்ந்தன. சாவி கிடைத்து, ஓட்டை அடைபட்டது. ஆணையத்தின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக ஒரு கசிவு அடைபட்டதில்லை என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

முடிவும் அதிலேயே இருந்தது. பாதையை முழுவதும் சுற்றி வந்தது குறைகேட்புப் பிரிவின் வண்டி ஒன்றுதான். எனவே அதற்கு முதலிடம். வந்தவற்றில் அதற்குப் பின்னால் வேறெதுவும் வராததால் கடைசி இடமும் அதற்கே. முதலிடத்துக்குப் பரிசாக ஊர்தி தலைமை அலுவலகத்தின் முன்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்படும், டிரில்லோடு. கடைசி இடத்துக்காகப் பிரிவு முன்கூடத்தோடு இணைக்கப்படும். மேலும், பின்தெருவாசிகள் நேரில் வந்து தண்ணீர் பெற்றுக்கொண்டபடியால் அவர்களுடைய குறைகள் அனைத்தும் தீர்ந்தன. இனி குறை இல்லாததால் தொலைபேசியும் துண்டிக்கப்படும்.

மேற்பார்வையாளர் இழுப்பறையைப் பூட்டினார், திறந்தார், ஒருமுறை உள்ளே பார்த்தார், வீட்டுக்குப் போனார். திரைக்கம்பிக்காரர் மச்சானிடம் ஒரு டிரில்லை இரவல் வாங்கினார். அந்த மச்சான் அதை இன்னும் இரண்டு பேருக்கும் முறைவைத்து இரவல் கொடுத்துவந்தார், அதனால் சில வீடுகளில் திரைக்கம்பியின் ஒரு முனை மட்டும் பல நாள் தொங்கியது.

லைனம்மாவுக்குப் புதுப் பதவி: காட்சி உதவியாளர். பார்வையாளர்கள் வந்தால் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து வண்டியில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் வரவில்லை. அவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் கேட்காத நாட்கள் இதமாக இருக்கும் என்று எண்ணியிருந்தாள். இதமாகவும் இல்லை, கஷ்டமாகவும் இல்லை.

ஒருநாள் காலை வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

“குறை சொல்றதுன்னா அந்தப் பிரிவு இப்போ இல்லைப்பா” என்று காவலாளி சொன்னார்.

“குறை யார் சொன்னா? வண்டியைப் பார்க்க வந்தேன்” என்றார் சவரக்கடைக்காரர்.

“வாளி எதுக்கு?”

சவரக்கடைக்காரர் வாளியைப் பார்த்தார். முன்கூடத்தின் மூலையில் பார்வையாளர்கள் கை கழுவ ஒரு தொட்டியும் குழாயும் இருந்தன. தலைமை அலுவலகத்தில் என்றைக்கும் தண்ணீர் நின்றதில்லை.

லைனம்மா எழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். “என் பார்வையாளருங்க. விடுங்க” என்றாள்.

அவர் போய்க் குழாயடியில் வாளியை வைத்துத் திறந்தார். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து விளக்கம் சொல்லத் தொடங்கினாள். “கம்பியில்லாத் துளைப்பான் உந்து சிற்றூர்தி என்பது, மின்கலத்தால் இயங்கும் துளைப்பானின் சுழற்சியைச் செயின் வழியாகப் பின்னச்சுக்கு...” வாளி நிறைந்தது. அவள் அத்தோடு நிறுத்தினாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா, வண்டி” என்றார் அவர். “தெருவுல சொல்றேன்.”

மறுநாள் இரண்டு வாளிகள் வந்தன. அதற்கடுத்த நாள் பாதித் தெரு வந்தது. குடம் சின்னதென்றால் விளக்கம் சுருக்கம்; கேன் என்றால் சக்கரங்களின் பூர்வீகம்வரை போவாள். குழந்தைத் தொட்டியோடு வந்த பெண்ணுக்கு அவள் சொல்லாக்கக் குழுவின் வரலாறு முழுவதையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரலை எப்போதோ லைனில் கேட்டிருக்கிறாள் என்று பாதியில் தெரிந்தது. ஒரு நொடி வார்த்தை தடுமாறியது. பிறகு தொடர்ந்தாள்.

வரிசை வாசலைத் தாண்டியபோது தலைவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இத்தனை பேரா! தினமுமா வர்றாங்க?”

“தினமும்தாங்க சார்.”

“ஆராய்ச்சி மனப்பான்மை! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.” வரிசையைப் பெருமையோடு நோட்டமிட்டவர் கொஞ்சம் குழம்பினார். “ஆமா, எல்லாரும் எதுக்கு ஏனத்தோட நிக்கறாங்க?”

“இடம் போட்டு வைக்கறதுக்குங்க சார். கூட்டம் அதிகம்.”

“அப்படியா” என்றார் தலைவர். வரிசை மெதுவாக நகர்வதைக் கவனித்தார். எல்லாரும் மூலையில் இருந்த குழாயடியில் வெகுநேரம் நிற்பதையும் கவனித்தார். ஒரு நிர்வாகிக்கு இருக்க வேண்டிய கூர்மை அவருக்கு இருந்தது. நிர்வாக அதிகாரியை அழைத்தார்.

“பாவம், நின்னு நின்னு தாகமா இருக்காங்க பாருங்க. அந்தச் சின்னக் குழாய் போதாது. பெரிசா ஒண்ணு போடுங்க. இன்னைக்கே.”

சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஆணையம் புதிதாகப் போட்ட குழாய் அது ஒன்றுதான்.